கேட்டாத்தான் சொல்லும்!

‘சிவில் படிக்கிறேன்’னு சொன்னா, எங்க வருசநாட்டுப் பக்கம் ரெண்டே ரெண்டு கேள்விதான் வரும். ‘வீட்டுக்கு பிளான் போட்டுத் தருவியா?’ - இது ஒண்ணு. ‘முல்லைப் பெரியாறு அணை நிக்குமா, நிக்காதா?’ - இது ரெண்டு. முதல் கேள்வியைச் சிரிச்சே சமாளிச்சுடலாம். ரெண்டாவதுக்கு முழிக்கிற முழி இருக்கே... மூணாவது வருஷம் முடிக்கிற வரைக்கும் எனக்கு அதே முழிதான்!

இந்த லீவுல தேனியில ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப். தலையில மஞ்சள் ஹெல்மெட், கையில டேப்புனு ஏகப்பட்ட கற்பனையோட போனேன். ஏ.சி. ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சு, ‘ஓப்பன்சீஸ் கத்துக்கோம்மா’னு சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல, பெர்க்லியில இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல உருவான சாஃப்ட்வேர் அது. பூகம்பம் வந்தா கட்டடமோ, பாலமோ எப்படி ஆடும்னு கணக்குப் போட்டுச் சொல்லும். மாணவர்கள் காசு கொடுக்காமலே படிக்கலாம். ஆனா, கலர் கலரா பட்டன் இருக்கும்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. ஒவ்வொரு வரியையும் நாமளேதான் டைப் அடிக்கணும்!

நோட்டுன்னா நோட்டுப் புத்தகம் இல்லீங்கோ!

கட்டடத்தை அப்படியே முழுசா கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க முடியாது. அதனால துண்டு துண்டா பிரிக்கிறோம். துண்டும் துண்டும் சேர்ற இடத்துக்குப் பேருதான் ‘நோட்’. ஒரு சாதாரண ஃப்ரேம்ல ஒவ்வொரு நோட்டுக்கும் மூணு விதமான அசைவு உண்டு. பக்கவாட்டுல நகரலாம், மேலயும் கீழயும் போகலாம், நின்ன இடத்துலயே லேசா சுத்தலாம். நம்ம பூம்பூம் மாடு மாதிரினு வெச்சுக்கங்களேன்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. மாடல்ல 1,000 நோட். ஒவ்வொண்ணுக்கும் மூணு அசைவு. ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு நகர்ந்துச்சு, என்ன வேகம், என்ன முடுக்கம்னு மூணு எண். பூகம்பம் 10 விநாடி. 0.01 விநாடிக்கு ஒரு தடவை கணக்குன்னா 1,000 படி. மொத்தம் 90 லட்சம் எண்கள்! இத்தனையையும் கம்ப்யூட்டர் எழுதி வைக்குமா? வைக்காது. ஒரு படி முடிஞ்சதும் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிக்கிட்டே இருக்கும். ‘இந்த நோட், இந்தத் திசை, இந்த அளவு எனக்கு வேணும்’னு நாம முன்கூட்டியே சொல்லி வெச்சதை மட்டும்தான் ஃபைல்ல எழுதும். அப்படிச் சொல்லி வைக்கிற வரிக்குப் பேருதான் ‘ரெக்கார்டர்’.

இதைக் கேட்டதும் எனக்கு வைகை அணைதான் ஞாபகம் வந்துச்சு. அணையோட முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில ரெண்டாவது, 69 அடியில மூணாவது. அவ்வளவு பெரிய தண்ணிப் பரப்புல, குறிச்சு வெச்ச ஒரு அளவு. அதை ஒருத்தர் பார்த்து எழுதுறார். அந்த ஒத்தை நம்பருக்காக தேனியில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் அஞ்சு மாவட்டம் காத்துக்கிட்டு இருக்கு. எங்கே அளக்கணும்னு என்னைக்கோ யாரோ யோசிச்சு முடிவு பண்ணதால வந்த பலன் அது!

பஸ்ஸுல போற அப்பத்தா

ஆபீஸ்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் எனக்கு வாத்தியார். அவர் சொல்லிக்கொடுத்த பாலபாடம் இது...

ரெக்கார்டர் வரியை, அனாலிசிஸை ஓடவிடுற வரிக்கு முன்னாடியே எழுதணும். கல்யாணம் முடிஞ்சதுக்கு அப்புறம் வீடியோகாரரைக் கூப்பிட்டா, காலி மண்டபத்தைத்தான் எடுப்பார்.

நேரத்தையும் சேர்த்துப் பதியச் சொல்லணும். வெறும் நகர்வு மட்டும் இருந்தா, எந்த விநாடியில எது நடந்துச்சுனு தேடியே கண்ணு பூத்துடும்.

ஓடி முடிஞ்சதும் மாடலைத் துடைச்சு ஃபைலை மூடச் சொல்லணும். இல்லைன்னா கடைசி சில வரிகள் ஃபைலுக்கு வந்து சேராம நடுவழியிலயே நிக்கலாம்.

அடுத்ததுதான் முக்கியம். தரை மொத்தமும் ஒண்ணா ஆடுற மாதிரி பூகம்பத்தைக் கொடுத்தா, ரெக்கார்டர் தர்ற அசைவு எல்லாமே தரையோட ஒப்பிட்ட அசைவுதான். புரியலையா? தேனியில இருந்து வருசநாடு போற பஸ்ஸுல அப்பத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கு. கண்டக்டரைக் கேட்டா, ‘பாட்டி அசையவே இல்லையே’ம்பார். கடமலைக்குண்டுல ரோட்டோரம் நிக்கிறவரைக் கேட்டா, ‘பாட்டி பறந்துச்சே’ம்பார். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். தூண் எவ்வளவு வளைஞ்சுச்சுனு தெரிய கண்டக்டர் கணக்கு வேணும். மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி எவ்வளவு உலுக்கப்பட்டுச்சுனு தெரிய ரோட்டோர ஆள் கணக்கு வேணும். அதுக்குத் தரையோட முடுக்கத்தையும் சேர்த்துப் பதியச் சொல்ல தனி வசதி இருக்கு.

‘இதெல்லாம் சரியா ஓடுதான்னு எப்படிண்ணே நம்புறது?’னு கேட்டேன். ‘முதல்ல பூகம்பமே வேணாம். சும்மா எடையை மட்டும் ஏத்து. அடியில இருக்கிற நோட் எல்லாம் தாங்குற எதிர்விசையைப் பதிஞ்சு கூட்டிப் பாரு. கட்டடத்தோட எடை வரணும். வரலைன்னா மேல போகாதே’ன்னார். எளிமையா இருக்குல்ல? நம்ம ஊரு மளிகைக் கடையில தராசைச் சரிபார்க்கிற அதே விஷயம்தான்!

கொய்னா சொன்ன பாடம்

1967 டிசம்பர் 11. மகாராஷ்டிராவுல கொய்னா அணைப் பகுதியில பெரிய பூகம்பம். நூறுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. 103 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை இடியலை. ஆனா, விரிசல் விட்டுச்சு. எங்கே தெரியுமா? அடிவாரத்துல இல்லை. மேல இருந்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு உயரத்துக்குக் கீழே, சுவரோட சரிவு சட்டுனு மாறுற கழுத்துப் பகுதியில!

அணைக்குள்ளேயே வெச்சிருந்த கருவி அந்த அதிர்வைப் பதிவு பண்ணியிருந்துச்சு. அந்தப் பதிவு இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா மாணவர்களுக்குப் பாடம். ‘அபாகஸ்’ங்கிற பிரபல சாஃப்ட்வேரோட உதாரணப் புத்தகத்துலயே கொய்னா அணை இருக்கு. அணை உச்சியில இருக்கிற நோட், தரையோட ஒப்பிட்டா எவ்வளவு நகர்ந்துச்சுங்கிறது அங்கே வர்ற முக்கியமான வரைபடம்.

அண்ணன் ஒரு சின்ன கொக்கி போட்டார். ‘உச்சி நோட்டை மட்டும் பதிஞ்சா, கழுத்துல விரிசல் வர்றது தெரியுமா?’ தெரியாது. நோட் ரெக்கார்டர் எவ்வளவு அசைஞ்சதுனு சொல்லும். எவ்வளவு ‘வலிச்சது’னு எலிமென்ட் ரெக்கார்டர்தான் சொல்லும். எங்கே வலிக்கும்னு முன்னாடியே யோசிச்சு, அங்கே ஒரு ஆளை நிறுத்தணும். அந்த யோசனையைச் சாஃப்ட்வேர் செய்யாது, நாமதான் செய்யணும்.

சரி, அந்த ரெண்டாவது கேள்வி?

போன வாரம் பஸ்ஸுல ஊர்க்காரப் பெரியவர் ஒருத்தர் மறுபடி கேட்டார். “ஏம் பாப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல அணையெல்லாம் ஆட்டிப் பாக்குறியாமே. பெரியாத்து அணை நிக்குமா?”

அவர் சும்மா கேக்கலை. எங்க வருசநாட்டுல மூல வைகை மழை பெய்ஞ்சாத்தான் ஓடும். பொண்ணு கட்டிக் கொடுத்தது கம்பத்துப் பக்கம். அங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு பெரியாத்துத் தண்ணிதான் உசுரு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கோ ராத்திரி மழை பெய்ஞ்சா தூக்கம் வராது. ரெண்டு பக்கமும் இருக்கிறது மனுஷங்கதான்.

தெரிஞ்சதைச் சொன்னேன். 1895-ல திறந்த, சுண்ணாம்புச் சுர்க்கி அணை அது. பின்னாடி மேல கான்கிரீட் தொப்பி போட்டு, எஃகுக் கம்பி வடத்தால அடிப்பாறையோட இழுத்துக் கட்டி, பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினாங்க. ரூர்க்கி ஐ.ஐ.டி. பண்ணின கம்ப்யூட்டர் ஆய்வை கேரளா காட்டுச்சு, தமிழ்நாடு அதை ஏத்துக்கலை. உச்ச நீதிமன்றம் அமைச்ச உயர்மட்டக் குழு அணை பாதுகாப்பா இருக்குன்னு 2012-ல அறிக்கை கொடுத்துச்சு. 2014 மே 7-ல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு.

“அது சரி பாப்பா, உன் கணக்கு என்ன சொல்லுது?”

“என் கணக்கு அந்த அணையைத் தொடவே இல்லைங்க தாத்தா. ஆனா, யாராச்சும் ‘கம்ப்யூட்டர் சொல்லிருச்சு’னு சொன்னா என்ன கேக்கணும்னு இப்பத் தெரியும். எந்தப் பூகம்பத்தைக் கொடுத்தாங்க, கல்லுக்கு என்ன பலம் போட்டாங்க, எந்தெந்த இடத்துல அளந்தாங்க... இந்த மூணையும் காட்டச் சொல்லுவேன்.”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். “அப்ப முழுசாப் படிச்சுட்டுச் சொல்லு”ன்னுட்டு மயிலாடும்பாறையில இறங்கிப் போயிட்டார். திட்டலை. அந்தக் கேள்வியை என்கிட்ட கடனா கொடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணப்போற மக்களே... சிவப்பு, நீலம்னு கலர் படம் போட்டா ரிவ்யூல கைதட்டு நிச்சயம். போடுங்க, தப்பே இல்லை. கூடவே நாலே நாலு நோட்டோட எண்களையும் எடுத்து வையுங்க. அந்த நாலை ஏன் தேர்ந்தெடுத்தீங்கனு ஒரு பக்கம் எழுதுங்க. நாளைக்கு நம்ம கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கும். அதுக்கு இந்த ஒரு பக்கத்துல இருந்தே பழகிக்கலாமே!