டென்ட் எங்க போடலாம் மச்சி?

‘இயற்கையின் மடியில் ஒரு அமைதியான இரவு.’ விளம்பரத்துல அப்படித்தான் போட்டிருந்தாங்க. தலைக்கு 1,200 ரூபாய் கட்டி, ராத்திரி பஸ்ல குலுங்கிக் குலுங்கி மலை ஏறினா, அங்க நமக்கு முன்னாடியே முப்பது டென்ட் வரிசையா நிக்குது. பொருட்காட்சி ஸ்டால் மாதிரி! சாயங்காலம் 7 மணிக்கு ஸ்பீக்கர் ஆன் ஆச்சு. ராத்திரி 1 மணிக்குத்தான் ஆஃப் ஆச்சு. பக்கத்து டென்ட் அண்ணன் விட்ட குறட்டை அதுக்கப்புறம்தான் ஆரம்பம். ஹாஸ்டல்ல தூங்கியிருந்தா இதைவிட அமைதியா இருந்திருக்கும்.

எந்த இடம்னு சொல்ல மாட்டேன். ஏன்னா இந்தக் கதை உங்களுக்கும் நடந்திருக்கும். வீக் எண்டு, மலை, டென்ட்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது எல்லாமே இந்த மாதிரி இடங்கள்தான்.

‘அப்போ நிஜமாவே சத்தம் இல்லாத இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?’ செமஸ்டர் லீவுல நாங்க நாலு பேர் கேன்டீன்ல உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டோம். ஐடியா கொடுத்தது எங்க செட்டுல இருக்கிற ஃபிசிக்ஸ் பார்ட்டி.

‘அமைதியைத் தேடாதீங்கடா. இருட்டைத் தேடுங்க!’

இருட்டுதான் அட்ரஸ்

யோசிச்சுப் பாருங்க. வெளிச்சம் இருக்கிற இடத்துல கடை இருக்கும், ரோடு இருக்கும், ஆள் இருக்கும், ஸ்பீக்கரும் இருக்கும். சாட்டிலைட் எடுத்த இரவு வெளிச்ச மேப் இன்டர்நெட்ல இலவசமாவே கிடைக்குது. அதுல சென்னை பளீர்னு எரியும். வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி எல்லாம் மினுக் மினுக். அதுக்கு நடுவுல பெருசா ஒரு கறுப்புத் திட்டு. அதுதான் ஜவ்வாது மலை.

இந்த இருட்டை நமக்கு முன்னாடியே விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சுட்டாங்க. ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர்ல 1968-லயே 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பை வெச்சு வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. 1977-ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டப்போ, அதைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. இன்னிக்கு அங்க 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய டெலஸ்கோப் இருக்கு. வைணு பாப்புங்கிற வானியல் விஞ்ஞானியோட பேரை 1986-ல அதுக்கு வெச்சாங்க. ஊர் வெளிச்சம் எட்டாத மலைங்கிறதாலதான் இத்தனையும் அங்க போச்சு. டெலஸ்கோப்புக்கு ஏத்த இடம் டென்ட்டுக்கும் ஏத்த இடம்தானே?

தை அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி, அதுவும் ஒரு புதன்கிழமை, மூட்டை கட்டினோம். வாணியம்பாடி வரைக்கும் ரயில், அங்கிருந்து ஆலங்காயத்துக்கு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். மொத்தச் செலவு போன ட்ரிப்ல பாதிகூட இல்லை.

‘அங்க போடாதீங்க தம்பி!’

பஸ்ஸை விட்டு இறங்கினதும் நாங்க செஞ்ச ஒரே உருப்படியான வேலை, டீக்கடையில கேட்டதுதான். ‘அண்ணே, யார் நிலத்துலயாவது ஒரு ராத்திரி டென்ட் போட்டுக்கலாமா?’ டீக்கடை அண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊருக்குக் கை காட்டினார். மலையாளி பழங்குடி மக்களோட ஊர். பேர்தான் மலையாளி. பேசுறது நம்ம தமிழ்தான்.

அங்க ஒரு பெரியவர். அறுபது வயசுக்கு மேல இருக்கும். காலேஜ் ஐ.டி. கார்டைக் காட்டினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை, எங்க மூஞ்சியைத்தான் பார்த்தார். ‘ஒரு ராத்திரிதானே? படுத்துக்குங்க.’

உடனே நாங்க ஒரு சூப்பர் இடத்தைப் பிடிச்சோம். மணல் மெத்தை மாதிரி சமதளம், ரெண்டு பக்கமும் பாறை. பெரியவர் தலையை ஆட்டினார். ‘அது ஓடை தம்பி. இப்ப காஞ்சு கிடக்கு. மேல எங்கயாவது மழை பெஞ்சா இங்க தண்ணிதான் படுக்கும், நீங்க இல்ல.’

சரின்னு ஒரு பெரிய பலாமரத்தடிக்குப் போனோம். அதுக்கும் ‘வேணாம்’! காஞ்ச கிளை எப்ப விழும்னு சொல்ல முடியாது. பழம் பழுக்கிற மாசத்துல வாசனைக்குக் கரடியும் வருமாம்.

‘அந்தப் பள்ளமான புல்தரை?’ அங்க ராத்திரி பனி இறங்குமாம். இதை எங்க ஃபிசிக்ஸ் பார்ட்டியும் ஒத்துக்கிட்டான். குளிர்ந்த காத்து கனமா இருக்கும், சரிஞ்சு பள்ளத்துலதான் போய்த் தேங்கும்.

கடைசியில அவரே இடம் காட்டினார். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துல, மேடா, கல்லு பொறுக்கிச் சுத்தமா இருந்த களம். சாமை அறுப்பு முடிஞ்சு காலியா கிடந்தது. நாங்க அரை மணி நேரம் தேடியும் கண்ணுல படாத இடம் அது!

ஸ்பீக்கரை நிறுத்தினது யாரு?

ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். காசு கொடுத்தா ஆயா வாங்கவே இல்லை. அதனால அவங்ககிட்டயே தேனும் சாமை அரிசியும் விலைக்கு வாங்கிக்கிட்டோம்.

8 மணிக்கு வானத்தைப் பார்த்தோம் பாருங்க... சத்தியமா யாரும் அஞ்சு நிமிஷம் பேசலை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நேரா தலைக்கு மேல. ‘அதான் ஆறாமீன். அது மேக்கால சாஞ்சுதுன்னா நடு ராத்திரின்னு அர்த்தம்’னு ஆயா சொன்னாங்க. கடிகாரம், செல்போன் எல்லாத்துக்கும் முந்தின டைம்பீஸ்!

இந்த மூடுக்கு ஒரு பாட்டு இருந்தா எப்படி இருக்கும்னு எங்கள்ல ஒருத்தன் பையில இருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்தான். சின்ன வால்யூம்தான். ரெண்டாவது பாட்டுல வீட்டுப் பக்கமிருந்து கைக்குழந்தை ஒண்ணு வீல்னு அழுதது. ஆயா வந்தாங்க. திட்டலை. ‘பேத்தி இப்பத்தான் கண்ணு அசந்தா’ன்னு மட்டும் சொன்னாங்க.

ஸ்பீக்கர் பைக்குள்ள போயிடுச்சு. ஆனா எனக்கு அன்னிக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரலை. போன ட்ரிப்ல முப்பது டென்ட், அந்த டி.ஜே. எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த மலையிலயும் பக்கத்துல ஒரு ஊர் இருந்திருக்கும்ல? அங்கயும் ஒரு குழந்தை தூங்கியிருக்கும்ல? 1,200 ரூபாய் போச்சேன்னுதான் நாங்க புலம்பினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தூக்கத்தைத் தொலைச்சவங்களைப் பத்தி யோசிக்கவே இல்லை. அமைதியைத் தேடிப் போறோம்னு சொல்லிக்கிட்டு, அந்த ஊருக்கு சத்தமா போய் இறங்கினது நாமதான் பாஸ்.

காடுன்னா விளையாட்டு இல்லை

‘ஆள் வேண்டாம்னுதானே போறோம், காட்டுக்குள்ளயே போட்டா என்ன?’ன்னு கேக்குற ஹீரோக்களுக்கு ஒரு வார்த்தை.

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதும் தீ மூட்டறதும் குற்றம். சட்டத்தை விடுங்க, உயிர் முக்கியம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீ சூழ்ந்தப்போ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. நம்மளை மாதிரி லீவுக்கு சந்தோஷமா கிளம்பினவங்கதான். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட்டோட டென்ட்ல தங்கியிருந்த இளம் ஆசிரியையை யானை தாக்கிக் கொன்னது. காசு வாங்கிட்டு டென்ட் கொடுக்கிறாங்கங்கிறதுக்காக அந்த இடம் பத்திரம்னு அர்த்தம் இல்லை.

காட்டுக்குள்ள நடக்க ஆசையா? அதுக்கு நேர் வழி இருக்கு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோட, ஆன்லைன் புக்கிங்கோட திறந்துவிட்டது. பகல்ல அதுல நடங்க. ராத்திரி டென்ட்டை ஊர் ஓரத்துல, உரிமையாளர் சம்மதத்தோட பட்டா நிலத்துல போடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* வார நாள், அமாவாசையை ஒட்டின தேதி, பொங்கலுக்கு அப்புறம் ஜனவரிக்குள்ள. கூட்டம் குறைவு, வானம் தெளிவு. பிப்ரவரி பாதிக்கு மேல புல்லு காஞ்சு, தீ பயம் ஆரம்பிச்சிடும்.

* இருட்டறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஊருக்குப் போய்ச் சேருங்க. நிலத்துக்காரங்ககிட்ட ‘இங்க என்னென்ன வரும்?’னு கேளுங்க. யானை நடமாட்டம்னு சொன்னா மறுபேச்சு பேசாம அடுத்த பஸ்.

* டென்ட்டுக்கு அடியில ஒரு தார்ப்பாய் கட்டாயம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்க. முழுசா மூடினா நம்ம மூச்சுக்காத்தே உள்ளே தண்ணியா சொட்டும்.

* டென்ட்டுக்குள்ள அடுப்பு, கொசுவர்த்தி ரெண்டும் கூடாது. வெளியே கேம்ப் ஃபயரும் நிலத்துக்காரர் சரின்னு சொன்னா மட்டும்தான். அணைச்ச சாம்பல்ல கையை வெச்சா சுடக் கூடாது.

* குப்பை உங்க பையிலயே கீழே இறங்கணும். பஸ் டைமையும் தங்குற இடத்தையும் வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

விடிகாலையில எழுந்து களத்தைப் பெருக்கிக் கொடுத்துட்டுக் கிளம்பினோம். பெரியவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். ‘அடுத்த தடவையும் வாங்க தம்பி. அந்தப் பாட்டுப் பொட்டி மட்டும் வேணாம்’னு சிரிச்சார்.

அந்த ஊர் பேரைச் சொல்லுங்கறீங்களா? ம்ஹூம். சொன்னா அடுத்த சனிக்கிழமையே அங்க முப்பது டென்ட் நிக்கும். நீங்களே இருட்டு மேப்பை விரிச்சு, ஒரு டீக்கடையில விசாரிச்சு, உங்களுக்குன்னு ஒரு களத்தைக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்ச அப்புறம் எனக்குக்கூடச் சொல்லாதீங்க!