அவரைக் கொடியில் ஒரு பச்சைப் புழு

ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் 4 கிலோமீட்டர். 20 ரூபாய் வாங்கினார்கள். இறங்கி, வரப்பில் பத்து நிமிடம் நடந்ததும் அவரைப் பந்தல். தை மாதக் காலை. மணி ஏழரை ஆகியும் இலையில் பனி காயவில்லை.

தோட்டத்து அக்கா ஒரு கொடி நுனியைப் பிடித்துக் காட்டினார். தண்டே தெரியாமல் கறுப்பு அசுவினி, அதாவது செடிப்பேன், அப்பியிருந்தது. நடுவே ஒரு பச்சைப் புழு.

"பேன் பத்தாதுன்னு புழுவும் விழுந்திருச்சு தம்பி. நாளைக்கே மருந்து அடிக்கணும். ஆள் கூலியோட 900 ரூபாய் ஆகும்."

லென்ஸோடு பந்தலடியில் உட்கார்ந்தேன். காய் துளைக்கும் புழுவுக்குத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும். இதற்கு இரண்டும் தெரியவில்லை, கண்ணும் இல்லை. கூம்பிய முன்முனையை இடமும் வலமும் துழாவியது. ஓர் அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்தது. அசுவினியின் கால்கள் உதறின. மூன்று நிமிடத்தில் சாறு முழுவதும் போய் வெறும் தோல் கீழே விழுந்தது. அரை மணி நேரத்தில் ஏழு அசுவினி. இலையில் ஒரு கடி கூட இல்லை.

வெயில் ஏறியதும் ஈக்கள் வந்தன. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடம்பு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பூவுக்கு முன்னால் காற்றிலேயே அசையாமல் நின்றது ஒன்று.

"கொட்டும், தள்ளி உக்காருங்க" என்றார் அக்கா.

அது என் கையில் இறங்கி வியர்வையை நக்கியது. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான். கொடுக்கும் கிடையாது. குளவி வேஷம் பறவைகளை ஏமாற்றத்தான். 1805இல் ஃபாப்ரிசியஸ் விவரித்த இஸ்கியோடன் ஸ்குடெல்லாரிஸ் என்ற சிர்ஃபிட் ஈ இது. மகரந்தம் தின்றால்தான் பெண் ஈயின் முட்டை முதிரும். பூவை விட்டு எழுந்த ஒன்று, அசுவினி அப்பிய நுனிக்குப் போய் வயிற்றை வளைத்தது. அது பறந்ததும் பார்த்தேன்: ரவைத் துணுக்குப் போல ஒரே ஒரு வெள்ளை முட்டை. அந்தப் பச்சைப் புழுவும் இப்படிப் பிறந்ததுதான்.

லென்ஸை அக்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார். "அட, பேனைத்தான் உறிஞ்சுது!" என்றார்.

மருந்து அடித்தால் இரண்டுமே சாகும் என்றேன். தப்பிய அசுவினி, இணை சேராமலே குட்டி போட்டுச் சீக்கிரம் பெருகிவிடும். ஈ அவ்வளவு வேகமாகத் திரும்பாது.

"சரி, நாலு நாள் பாப்போம்."

காய் பறிக்கத் தொடங்கினார். ஓர் இலையின் அடியில் கண்ணீர்த்துளி வடிவில் கூட்டுப்புழு ஒட்டியிருந்ததைக் காட்டினேன். அந்த இலையில் கை படாமல், பக்கத்துக் காயை மட்டும் கிள்ளி எடுத்தார்.