மரவையும் வாச்சியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பித்தளை அண்டாக்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே தூசி படிந்து கிடக்கும் மரவையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள், அது என்ன மரம் என்று கேட்பார்கள். எத்தனை வருஷத்துப் பண்டம் என்று கேட்பார்கள். சற்று ரசனை உள்ளவர்களாயிருந்தால், ஒரே கட்டையை இவ்வளவு சீராகக் குடைந்த அந்தப் பெயர் தெரியாத தச்சனை மெச்சவும் செய்வார்கள். அதைக் குடைந்த வாச்சி எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவரை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை. மரப்பாத்திரம் குடைவதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கோ முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான். மரவையின் உட்புறத்தில் விரலை மெல்ல ஓடவிட்டால், எத்தனையோ காலம் உப்பும் புளியும் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன பிறகும், வாச்சி பதிந்த தழும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்படும். ஒவ்வொரு தழும்பின் அகலமும் ஆழமும் அந்த வாய் எவ்வளவு வளைந்திருந்தது என்பதை அப்படியே சொல்லிவிடும். பாத்திரத்தின் வயிறு மரத்தில் உருவாகிறதென்று நாம் நினைக்கிறோம். அது பெரும்பாலும் உலையிலேயே நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

மரவை எதற்கு என்று கேட்கிற தலைமுறை வந்துவிட்டபடியால் அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு, புளி, ஊறுகாய், தயிர் ஆகியவை உலோகத்தோடு ஒத்துப்போகாதவை. பித்தளையில் வைத்தால் களிம்பேறும், ஈயம் பூசினால் அந்தப் பூச்சு இருக்கிறவரைதான் பத்திரம். மரத்துக்கும் அவற்றுக்கும் விரோதம் இல்லை. ஆனால் எல்லா மரமும் அடுக்களைக்கு ஆகாது. வாசனையுள்ள மரம் பண்டத்துக்குத் தன் வாசனையைக் கொடுக்கும். வேம்பில் குடைந்தால் கைப்பு ஏறும். பலாவும் பூவரசும் இந்த விஷயத்தில் சாதுக்கள். நம் ஊர்க் கடற்கரைகளிலும் வேலியோரங்களிலும் நிற்கும் இதே பூவரசை, பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவினர் மிலோ என்று அழைத்து, உணவுப் பாத்திரம் குடைவதற்கென்றே விரும்பி எடுத்தார்கள் என்பதையும், அங்கே பிரசித்தமான கோவா மரம் உணவுக்குக் கைப்பைத் தருமென்று அதை ஒதுக்கினார்கள் என்பதையும் அறிந்தபோது, ஒரே தொழில் செய்பவர்கள் எத்தனை கடல் தாண்டி இருந்தாலும் ஒரே முடிவுக்கு வந்து சேருகிறார்களே என்று எனக்கு ஓர் ஆனந்தம் உண்டாயிற்று.

பலாவில் பண்ருட்டிப் பலாவுக்குத் தனிப் பெயர் உண்டு. தஞ்சாவூரில் குடம் முதல் யாளிமுகம் வரை ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணைக்கும், மிருதங்கத்துக்கும் தேடிப் போவது அதைத்தான். நல்ல பாகமெல்லாம் அந்த வித்வான்களுக்குப் போய்விடுவதால், கணு விழுந்ததும் கவடு பிரிந்ததுமான மிச்சமே என் போன்றவர்களுக்கு வாய்க்கிறது. அதிலும் குறையொன்றுமில்லை, வீணைக்கு ஆகாத கணு மரவைக்கு அழகு. வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மரம் பச்சையாக இருக்க வேண்டும். மேஜை நாற்காலி செய்கிற தச்சருக்கு இது விபரீதமாகத் தோன்றும், ஏனெனில் அவர் காய்ந்த மரத்தைத் தேடுபவர். குடைகிறவனுக்கோ ஈரம் துணை. வெட்டு வாய் மரத்துக்குள் சிரமமின்றி இறங்கும், சிராய் நீளமாகச் சுருண்டு விழும், கருவியும் சீக்கிரம் மழுங்காது.

ஈரத்தோடு கூடவே அதன் ஸ்வபாவத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மரத்திலுள்ள நீர், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் சுருங்குவதில்லை. இறங்கத் தொடங்கிய பிறகு சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. நீளவாட்டில் சுருக்கம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். நடுமையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு சுருங்கினால், வளையங்களின் ஓட்டத்தை ஒட்டி அதைப்போல் ஏறக்குறைய 2 பங்கு சுருங்கும். இந்த வித்தியாசந்தான் மரத்தைப் பிளக்கிறது. ஆகையால் நடுமையம் பாத்திரத்துக்குள் இருக்கவே கூடாது; உருளையை ஆப்பு வைத்து நடுவே பிளந்து, மையத்தையும் அதைச் சுற்றிய கையகலத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சிய பாதியில்தான் மரவை பிறக்க வேண்டும். ரம்பத்தால் அறுப்பதைவிடப் பிளப்பதை நான் விரும்புவதற்குக் காரணம், பிளவு நார் ஓடிய வழியிலேயே ஓடி, மரம் உள்ளே எப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவதுதான். வட்டமாகக் குடைந்த வாய் காய்ந்தபின் நீள்வட்டமாக ஒடுங்கும். அதைக் கோணல் என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களே ஏற்றவர்கள்.

இனி வாச்சிக்கு வருகிறேன். கடையில் விற்கும் வாச்சி, விட்டம் செதுக்குவதற்கும் பலகை மட்டப்படுத்துவதற்கும் ஏற்பட்டது. அதன் வாய் நேராக இருக்கும். அதைக்கொண்டு ஒரு குழியைக் குடையப் புகுந்தால், இரு முனைகளும் மரத்தில் மாட்டிக்கொண்டு நாரைக் கிழிக்குமேயன்றிச் செதுக்காது. குழிக்கேற்ற வாச்சிக்கு இரண்டு வளைவுகள் வேண்டும். ஒன்று, வாயின் குறுக்கு வளைவு. அது பாத்திரத்தின் குழிவைவிடச் சற்றே இறுக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் முனைகள் மேலே விலகி நடு வாய் மட்டும் மரத்தைத் தொடும். மற்றொன்று, இலையின் நெடுக்கு வளைவு. முழங்கையை அச்சாகக்கொண்டு கை வீசும்போது வாச்சி காற்றில் ஒரு வில்லை வரைகிறதல்லவா, அந்த வில்லோடு இந்த வளைவு இசைய வேண்டும். குறைவாக வளைந்திருந்தால் வாய் இறங்குமுன் முதுகு மரத்தில் இடித்து வழுக்கும். அதிகமாக வளைந்திருந்தால் வாய் குத்திக்கொண்டு நின்றுவிடும், மணிக்கட்டு வலி கண்டுவிடும். காம்பின் நீளத்தை மாற்றினால் வில்லும் மாறும், ஆகவே இலையையும் மாற்ற வேண்டும். உட்கார்ந்து காலால் கட்டையை அணைத்துக்கொண்டு குடைகிற எனக்கும், நின்றபடி முட்டுக்கட்டையில் வைத்துக் குடைகிற வேறொருவருக்கும் ஒரே வாச்சி பொருந்தாததன் காரணம் இதுவே. இவ்வளவையும் ஒரு கொல்லரிடம் போய் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆகவே நானே உலை மூட்டக் கற்றுக்கொண்டேன்.

நீலகிரியில் கோத்தர்கள் இந்தப் பிரச்சினையை நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டவர்கள். தோடருக்கும் படகருக்கும் கொல்வேலையும் தச்சுவேலையும் அவர்களே செய்துகொடுத்தார்கள். இரும்பை அடித்த கையே மரத்தையும் செதுக்கியது. சமவெளியிலும் கொல்லரும் தச்சரும் கம்மாளர் என்ற ஒரே குடும்பத்தின் கிளைகள்தாம், ஆயினும் பட்டறைகள் தனித்தனி. இரும்பே அறியாத ஹவாய்த் தீவினர், மௌனா கேயா என்ற மலையின் உச்சிக்கருகே, குளிரில் உறைந்த சரிவுகளில் ஏறி, நுண்மணிப் பாறையைத் தட்டித் தட்டி வாச்சிக்கல் எடுத்து வந்திருக்கிறார்கள். பூவரசு கீழே கடலோரத்தில் வளர, அதைக் குடையும் வாய் மேகத்துக்கு மேலே கிடந்தது.

என் வாச்சிக்கு உதவுவது லாரியின் வில்பட்டை. நம் நாட்டு உருக்கின் மர்மத்தை அறிய வேண்டி மைக்கேல் பாரடே 1819-ல் அதை ஆராய்ச்சி செய்து எழுதினார் என்பதும், கொடுமணலில் பண்டை உருக்குத் தொழிலின் சின்னங்கள் வெளிப்பட்டிருக்கின்றன என்பதும் பெருமைக்குரிய சங்கதிகளே. இன்று எனக்குக் கிடைப்பது பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் ஒடிந்த பட்டைதான். அதில் கரி ஏறத்தாழ 0.6 சதவிகிதம், அதிர்ச்சியைத் தாங்கும். உட்புறத்தை இழைக்கும் வளைகத்திக்கு வேறு சரக்கு வேண்டும்; அதற்குத் தேய்ந்துபோன அரம் உகந்தது, அதில் கரி 1 சதவிகிதத்தை எட்டும் அல்லது தாண்டும். அரத்தை அடிப்பதற்கு முன்னால் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இரவெல்லாம் ஆறவிட்டு, அதன் பற்களை அடியோடு தேய்த்து நீக்கிவிட வேண்டும். ஒரு பல்லின் வேர் மிஞ்சினாலும் பின்னால் தோய்ச்சலின்போது அங்கிருந்தே விரிசல் ஓடும்.

கொல்லன் பட்டறை ஏன் தாழ்ந்த கூரையோடு இருண்டு கிடக்கிறது என்பது உலை முன்னால் உட்கார்ந்த பிறகே விளங்கும். வெயிலில் இரும்பின் நிறம் பொய் சொல்லும். இருளில்தான் அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தெரியும். துருத்தியை மெதுவாக ஊத, கருவேலங்கரியின் நடுவே இலை கருஞ்சிவப்பாகி, செஞ்சிவப்பாகி, ஆரஞ்சை நோக்கி நகரும். நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தை அவ்வப்போது அருகில் கொண்டுபோவேன். 770 டிகிரியைக் கடந்ததும் இரும்பு காந்தத்தைக் கவனிப்பதை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் சிறிதே காயவிட்டு, வெதுவெதுப்பான புங்க எண்ணெயில், வாய் கீழ்நோக்கியிருக்க, நேர்செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் இலை ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும். தோய்ச்சல் ஏறியதா என்று அறிய வாயின்மேல் ஓர் அரத்தை வைத்து இழுத்தால், அது பற்றாமல் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்க வேண்டும்.

இந்த நிலையில் கருவி கடினந்தான், ஆனால் கீழே தவறி விழுந்தாலே உடைந்துபோகும். அந்தக் கடினத்தில் ஒரு பாகத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு உறுதியை வாங்கிக்கொள்ள வேண்டும். இலையைக் கல்லில் தேய்த்து வெண்ணிறமாக்கி, அதன் முதுகை ஒரு காய்ந்த இரும்புக் கட்டியின்மேல் வைத்தால், சூடு முதுகிலிருந்து வாயை நோக்கிப் பயணம் செய்வதை நிறமாகவே பார்க்கலாம். 220 டிகிரி அளவில் இளமஞ்சள். பிறகு பொன்மஞ்சள், காவி, கத்தரிப்பூ நிறம், 300 டிகிரியில் மயில்கழுத்து நீலம். இவையெல்லாம் இரும்பின்மேல் படரும் மெல்லிய துருப்படலம் தடிக்கத் தடிக்க மாறுவன. வளைகத்தியின் வாயை இளமஞ்சள் தொட்டதுமே நீரில் அமர்த்திவிட வேண்டும்; மோதல் தாங்க வேண்டிய வாச்சிக்குக் காவி வரை பொறுக்கலாம். நீலம் வாய்க்கு வந்துவிட்டால் அது வில்லுக்குத்தான் உதவும், வெட்டுக்கு உதவாது. மஞ்சளுக்கும் காவிக்கும் இடையேயுள்ள அவகாசம் மிகவும் சொற்பம். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேட்பதில்லை.

காம்பு கருவேலம், கொட்டாப்புளி புளியமரம். இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

குடைகிற வேலையைப் பற்றிச் சொல்ல, பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பது ஒன்றே விதி. உட்புறத்தில் விளிம்பிலிருந்து அடியை நோக்கி வெட்ட வேண்டும்; பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகு, அடியிலிருந்து விளிம்பை நோக்கி வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது ஒவ்வொரு நாருக்கும் கீழேயுள்ள நார் தாங்கலாக நிற்கும். எதிர்த்து வெட்டினால் நார் பெயர்ந்து சிலாம்பு எழும். சங்கடமெல்லாம் அடியின் நடுவில்தான், இரு பக்கத்து வெட்டுகளும் எதிரெதிராக வந்து சந்திக்கிற இடத்தில். வாச்சி அங்கே பயன்படாது. வளைகத்தியை நாருக்குக் குறுக்காகச் சாய்த்து, சிராய் பொடியாக விழும்படி பையப் பைய இழைக்க வேண்டும். சுவரின் கனத்தை அளக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவதை நான் செய்வதில்லை. ஈரம் பட்டதும் தேய்த்த நார் மறுபடி எழுந்து நிற்கும், கூரிய வாயால் வெட்டுண்ட நார் அவ்வளவாக எழாது. மேலும், அப்படித் தேய்த்த மரவையில் வாச்சியின் கதை அழிந்துபோகிறது, அதில் எனக்குச் சற்று மனவருத்தமும் உண்டு.

குடைந்த மரவையை அதன் சிராயோடு சேர்த்துக் கோணிப்பையில் பொதிந்து, காற்றோட்டம் குறைந்த மூலையில் வைத்துவிட வேண்டும்; நாரின் முனைகள் வெளிப்படும் இரு கோடிகளில்தான் ஈரம் விரைவாக வெளியேறிப் பிளவு தொடங்குமாதலால், அங்கே மெழுகு தடவுவது உசிதம். காய்ந்த பிறகு எண்ணெய். தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகுவதில்லை, நல்லெண்ணெய் பாதி இறுகிச் சிக்குவாடை பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசினால் மரத்துக்குள்ளேயே இறுகி நிற்கும். இவ்வளவு செய்தும், வெயிலில் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறந்துபோன வீடுகளிலிருந்து பிளவோடு திரும்பி வரும் மரவைகள் உண்டு. ஹவாய்க்காரர்கள் அப்படிப்பட்டதை எறியாமல், இடை சிறுத்து இருமுனையும் விரிந்த ஒரு சிறு மரத்துண்டைப் பிளவின் குறுக்கே பதித்து இறுக்கிவிடுவார்கள், அப்படிச் சீர்செய்த பாத்திரத்துக்கு மதிப்புக் குறைவில்லை. அந்த முறையை நானும் கைக்கொண்டிருக்கிறேன். ஆனால் வளைந்த சுவரில் அந்தக் குழியை வெட்ட நேரான உளி இடங்கொடுக்காது. கழுத்து வளைந்த ஒரு குறுகிய உளி வேண்டும், அது எந்தக் கடையிலும் இல்லை. அதற்கென்று ஓர் அரத்துண்டை எடுத்து வைத்திருக்கிறேன், சாம்பலில் புதைக்க வேண்டியதுதான் பாக்கி.