காரின் வயது

ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவை அடுத்து வரும் நிலையம் திலக் நகர், அதற்கடுத்தது செம்பூர். கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் சில விரைவு வண்டிகள் வந்து முடிகிற லோகமான்ய திலக் முனையம் இங்கிருந்து கூப்பிடு தூரம். நம்மவர் பலர் மும்பையில் முதன்முதலாக ஏறிய வாகனம் அந்த முனையத்தின் வாசலில் நின்ற கறுப்பு மஞ்சள் டாக்சியாகத்தான் இருந்திருக்கும். நெடுங்காலம் டாக்சி என்றாலே பிரீமியர் பத்மினி. அந்தக் காரைச் செய்த ஆலை பக்கத்துக் குர்லாவில் இருந்தது. அதன் உதிரிபாகக் கடைகளும், ஆயுள் முடிந்தபின் அதைப் பிரித்துப்போட்ட பழைய இரும்புக் கடைகளும் குர்லாவின் சிஎஸ்டி சாலையை ஒட்டியே பெருகின. ஒரு கார் பிறந்து, ஓடி, பழுது பார்க்கப்பட்டு, எடைக்குப் போவது வரையிலான முழு வாழ்வும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடந்தேறிய இடங்கள் இந்தியாவில் அதிகம் இரா.

கார் பராமரிப்பெல்லாம் ஓர் ஆய்வுப் பொருளா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இது: ஒரு காரின் வயதை எதைக்கொண்டு கணக்கிடுவது? நிறுவனத்தின் சர்வீஸ் அட்டவணை பெரும்பாலும் கிலோமீட்டரைக்கொண்டு கணக்கிடுகிறது. அரசு ஆண்டைக்கொண்டு கணக்கிடுகிறது. மெக்கானிக் வண்டியின் உடம்பைப் பார்த்துக் கணக்கிடுகிறார். இம்மூன்றும் ஒரே விடையைத் தருவது அரிது. முதல் இரண்டுக்கும் ஆவணம் உண்டு. மூன்றாவதற்குப் பெரும்பாலும் இல்லை.

கிலோமீட்டரிலிருந்து தொடங்கலாம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது இஞ்சின் ஆயிலை மாற்றவேண்டும் என்பது விதி. திலக் நகரில் ஒரு பழைய ம்ஹாடா கட்டடத்தின் மதிலோரம் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் இந்த விதியைப் பற்றிக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எத்தன கிலோமீட்டர் ஓடிருக்குன்னு கேக்காதீங்க தம்பி. எத்தன மணி நேரம் இஞ்சின் ஓடிருக்குன்னு கேளுங்க.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்தாயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 167 மணி நேரம் ஆகும். அமர் மகாலிலிருந்து சாந்தாகுரூஸ் செம்பூர் இணைப்புச் சாலை வழியாகப் பாந்த்ரா குர்லா வளாகத்துக்கு ஒவ்வொரு காலையும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் காருக்கு அதே தூரத்துக்கு 667 மணி நேரம். ஆயில் ஒன்றுதான், மீட்டரில் தெரியும் எண்ணும் ஒன்றுதான். உழைப்போ நான்கு மடங்கு. குறுந்தூரப் பயணத்தில் இன்னொரு தீமையும் உண்டு. ஆயில் முழுமையாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆவியாகி வெளியேற வழியின்றி ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் நிறத்தில் ஒரு படிவு தெரியும். அதைக் காட்டித்தான் அண்ணாச்சி தம் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்களுக்கும் இது தெரியும். பெரும்பாலான கார்களின் கையேட்டில் பின்பக்கத்தில் எங்கோ, கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கென்று தனி அட்டவணை ஒன்று இருக்கும். அடிக்கடி குறுந்தூரம் செல்வது, தூசி நிறைந்த சாலை, நெரிசலில் நீண்ட நேரம் இஞ்சினை ஓடவிட்டு நிற்பது ஆகியவையே அது சொல்லும் கடுமை. ஒரு சராசரி மும்பைக்காரரின் அன்றாடத்தை இதைவிடச் சுருக்கமாக விவரிக்க முடியாது. ஆயினும் அந்தப் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. சர்வீஸ் நாளை நினைவூட்டும் குறுஞ்செய்தியும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இதனால் ஆண்டுக்கணக்கு பொய்யென்று ஆகிவிடாது. சில பொருள்கள் ஓடினாலும் நின்றாலும் முதுமையடைகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக்கை அழுத்தி இறங்கும்போது அந்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. நான்கு மாதம் கடற்காற்றும் மழையுமாக இருக்கும் ஊரில் இதை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மிகையான எச்சரிக்கை அன்று. டயரும் அப்படியே. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோலத் தெரியும் டயரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருப்பதை, வாரம் ஒருமுறை மட்டும் கோயிலுக்குச் சென்றுவரும் கார்களில் காணலாம். அதிகம் ஓடாத வண்டி நல்ல வண்டி என்னும் நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எலி வயரைக் கடிப்பதும் பேட்டரி செத்துப்போவதும் பெரும்பாலும் ஓடாத வண்டியில்தான்.

மூன்றாவது கணக்கை, அதாவது வண்டியின் உடம்பைப் படிப்பதை, நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது பத்மினி டாக்சியை முன்வைத்துத்தான். 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் கொண்டுவந்த வண்டி 1974-இல் பத்மினி ஆயிற்று. 1,089 சிசி இஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பெரும்பாலானவற்றை அடைந்துவிடலாம். ஓட்டுநர்கள் காலையில் போனட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார்கள், ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். கிரீஸ் அடிப்பதற்கும் பாயிண்ட் இடைவெளி சரிசெய்வதற்கும் நாள் குறித்திருந்தார்கள். நாளெல்லாம் ஓடினால்தான் வாடகை போக மிச்சம் என்ற நிலையில், பராமரிப்பு அவர்களுக்குச் சோற்றுக் கணக்கு.

2000-களின் தொடக்கத்தில், காற்று மாசு தொடர்பான உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக, மும்பையின் பழைய டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறின. காற்றுக்கு அது நல்லது. பெட்ரோலுக்கென வார்க்கப்பட்ட பழைய இஞ்சினுக்கோ அது புதிய நோய். வாயு எரிபொருள் உலர்ந்தது. வால்வும் அது அமரும் இருக்கையும் மோதும் இடத்தில் பெட்ரோல் தந்துவந்த சிறு பாதுகாப்பு அதில் இல்லை. இருக்கை மெல்லத் தேய, வால்வு உள்நோக்கி இறங்க, டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வு முழுதாக மூடாது. சூடான வாயு கசிந்து அதன் விளிம்பைத் தின்றுவிடும். இதில் கவனிக்கத்தக்கது ஒலி. இடைவெளி கூடினால் டேப்பட் ‘டிக் டிக்’ என்று சத்தமிடும், குறைந்தால் அமைதியாகிவிடும். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது என்று உரிமையாளர் மகிழும் வேளையில்தான் மெக்கானிக் கவலைப்படவேண்டும். அண்ணாச்சி சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில், ஃபில்லர் கேஜ் தகட்டைக் கையில் தருமுன் ஒரு மாதம் வெறுமனே நின்று கேட்கவைத்தார்களாம். “காது பழகணும் தம்பி. அதுக்கு அப்புறம்தான் கை.”

இந்தக் காது எந்தக் கையேட்டிலும் இல்லை. தொழில்நுட்ப வரலாறு புதுமைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது என்றும், உண்மையில் மனிதர்கள் வாழ்வது பழையவற்றைப் பயன்படுத்தியும் பேணியும்தான் என்றும் டேவிட் எட்ஜர்ட்டன் 2006-இல் வெளிவந்த ‘த ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் வாதிட்டார். தமிழில் இதற்குச் சான்று தேடுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காத அந்த ஊரில், பழைய ஆங்கிலேயக் கார்களைச் சில துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரின் உள்ளியல்பு கைவசமாகாமல் அது நடந்திருக்காது. அந்த அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்ந்தது. அந்தத் தலைமுறையோடு மங்கிக்கொண்டிருக்கிறது.

வாய்மொழி அறிவு ஓர் ஊருக்கே பாடமான நாளும் இங்கு உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றங்கரையிலுள்ள குர்லாவும் கலினாவும் மூழ்கின. கதவும் கண்ணாடியும் திறக்காமல் காருக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. தண்ணீர் வடிந்தபின் மெக்கானிக்குகளிடம் வரிசையாக வந்த கார்களில் இரண்டு வகை இருந்ததாம்: சாவியைத் திருப்பியவை, திருப்பாதவை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அதன்மீது மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திருப்பாதவற்றைக் கழுவி உலர்த்தி ஓட்டமுடிந்தது. மற்றவற்றுக்கு இஞ்சினையே இறக்கவேண்டியிருந்தது. சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை; இஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்கவேண்டும். இன்றும் ஜூன் பிறந்தால் அண்ணாச்சி வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: நின்ற தண்ணீரில் வண்டி அணைந்தால் சாவியைத் தொடாதே, இழுத்து வா. அடுத்தது, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தி விடு. அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பராமரிப்பு என்றால் பலரும் நினைப்பது வேறொன்றை. விடியற்காலை ஐந்தரைக்குத் திலக் நகர்த் தெருக்களில் இறங்கினால் வாளியும் துணியுமாகக் காருக்குக் கார் நகரும் இளைஞர்களைக் காணலாம். மாதச் சம்பளத்துக்கு நாள்தோறும் துடைப்பவர்கள். பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஒரு வாளித் தண்ணீர் நான்கைந்து கார்களுக்கு வரவேண்டும்; அந்தத் துணியில் சேர்ந்த மணல் ஐந்தாவது காரின் பெயிண்டில் கோடிழுக்கிறது. குறை அவர்களுடையதன்று, அந்தக் கூலிக்கு அவ்வளவு தண்ணீர்தான் கிடைக்கும். ஆனால் இந்தத் தெருவில் ஒவ்வொரு நாளும் பளபளக்கும் கார்களில் எத்தனையில் காற்றழுத்தம் சரியாக இருக்கும்? பெட்ரோல் போடும்போது இலவசமாகக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிட வேலைக்கு நேரமில்லாதவர்களே, தினசரித் துடைப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள். பிறர் கண்ணுக்குப் படுவதைப் பேணுகிறோம். பிரேக்கும் டயரும் பிறர் கண்ணுக்குப் படுவதில்லை.

இனி அரசின் கணக்கு. மும்பையில் டாக்சியின் ஆயுள் வரம்பு 20 ஆண்டு. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாரதேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் நகரில் பத்மினி டாக்சி இல்லை. அன்று எழுதப்பட்ட அஞ்சலிகளில் பெரும்பகுதி இனிய ஏக்கம். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை, புகைக் கட்டுப்பாடு வேறொரு காலத்தது. நாளெல்லாம் அந்த இஞ்சினின் வெக்கையில் அமர்ந்திருந்தவர் ஓட்டுநர். போகவேண்டிய வண்டிதான். என் மறுப்பு போன விதத்தைப் பற்றியது. ஏறக்குறைய ஆண்டுதோறும் அந்த வண்டிகள் தகுதிச் சான்றுக்காக ஆய்வாளர்முன் நின்றன. ஒவ்வொரு முறையும் பதிவானது தேர்ச்சியா இல்லையா என்ற ஒரு சொல். நன்கு பேணப்பட்டதும் பேணப்படாததும் ஒரே நாள்கணக்கில் ஒன்றாக எடைக்குப் போயின. தனியார் காருக்கு 15 ஆண்டுக்குப்பின் ஆய்வும் ஐந்தாண்டுப் புதுப்பிப்பும் உண்டு. அதிலும் வண்டியின் மருத்துவ வரலாறு என்று ஒன்றைக் கேட்பாரில்லை. ஆண்டை எண்ணுவது எளிது, ஊழலுக்கு இடம் குறைவு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பேணியவனுக்கும் பேணாதவனுக்கும் வேறுபாடு காட்டாத விதி, பேணுவதற்கான காரணத்தையே பறித்துவிடுகிறது.

அண்ணாச்சியிடம் அந்த மருத்துவ வரலாறு இருக்கிறது. நீள நோட்டுகள் பதினொன்று. வண்டி எண், தேதி, தமிழும் மராத்தியும் கலந்த குறிப்புகள். ‘இடது முன் சக்கரம் சத்தம், பேரிங், அடுத்த மாதம் பார்க்க’ என்பது போன்ற வரிகள். ஒரே வண்டி பதினான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் முதுமையை ஒவ்வொரு பக்கமாகப் பின்தொடரலாம். அவர் கடை ஒட்டியிருக்கும் கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. எதிரே எழுந்துள்ள கோபுரத்தில் அடுக்குமுறைக் கார் நிறுத்தம் இருக்கிறது. மதிலோரக் கடைக்கு இடமில்லை. குர்லாவில் பிரீமியர் ஆலையின் நிலத்திலும் இன்று கோஹினூர் சிட்டி அடுக்கங்கள். நோட்டுகளை ஊருக்குக் கொண்டுபோவதா, சிஎஸ்டி சாலையில் எடைக்குப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டு, இதுவரை நான்கைப் படமெடுத்திருக்கிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் இத்தகைய நோட்டுகள் வைத்திருக்கும் மெக்கானிக்குகளையோ ஓட்டுநர் குடும்பங்களையோ நீங்கள் அறிந்திருந்தால், பழைய தாள்காரரிடம் போடுமுன் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். படமெடுத்ததும் திருப்பித் தந்துவிடுவேன். மழை தொடங்குமுன் முடிந்தால் நல்லது. அவருடைய ஏழாம் நோட்டில் 2005-இன் சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது, பக்கங்கள் பிரியமாட்டேன் என்கின்றன.