ஒரு நூல் கணக்கு

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்னால் டீக்கடை வாசலில் நின்றால், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒவ்வொன்றாக முந்தல் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம். அங்கிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கும் இந்த வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிற பட்டறை ஒன்றில் மூன்று தடவை போய் உட்கார்ந்திருந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. "புளியமரத்தடி ஜீப் பட்டறை" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்.

முதல் நாள் போனபோது ஒரு பழைய மஹிந்திரா சிஜே-3பி கழற்றிக் கிடந்தது. சேஸிஸ் நான்கு கட்டைகள்மேல். பாடி மரத்தோடு சாய்த்து வைத்திருந்தது. உயரமான பானெட்டைப் பார்த்ததுமே இனம் தெரிந்துவிடும். வில்லிஸ் கம்பெனி 1953-இல் இந்த மாடலைக் கொண்டுவந்தபோது புது இன்ஜின் பழையதைவிட உயரம். பானெட் மூடவில்லை. பானெட்டை உயர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்த மஹிந்திரா, பின்னால் இந்த உயர்ந்த மூஞ்சியையே பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது. நம் மலைகளில் ஜீப் என்றால் மனதில் வரும் முகம் இதுதான்.

உள்ளே இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மூன்று கியர். "இது குடிக்கிற குடிக்கு எங்க வாத்தியார் காலத்துலயே பாதி வண்டிக்கு டீசல் இன்ஜின் ஏத்திட்டாங்க தம்பி" என்றார் மேஸ்திரி. அறுபது வயதிருக்கும். மஹிந்திரா வண்டிகளில் வந்த பியூஜோ டீசல் இன்ஜின் அந்தத் தலைமுறையின் செல்லப்பிள்ளை. எக்ஸ்டிபி 4.90 என்பது அதன் பெயர். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். பெயரிலேயே அளவை எழுதி வைத்துவிட்டார்கள்.

இந்த வண்டி எப்படியோ அதிலிருந்து தப்பித்திருக்கிறது. தாத்தா வாங்கிய ஜீப்பைப் பேரன் கொண்டுவந்து விட்டிருக்கிறார். கூடவே, விபத்தில் நொறுங்கிய ஒரு பழைய மஹிந்திரா தார் வண்டியின் சிஆர்டிஇ டீசல் இன்ஜினும் கியர்பாக்ஸும் வந்து இறங்கியிருந்தன. 2498 சிசி, 105 குதிரைச் சக்தி. தாத்தாவின் இன்ஜின் எழுபது சொச்சம்தான்.

"இன்ஜின் ஏத்துறது ஒரு நாள் வேலை. அதுக்குப் பின்னாடி இருக்கிறது மூணு மாசம்" என்றார் மேஸ்திரி. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மதியம் செயின் பிளாக்கில் தொங்கியது இன்ஜினின் வெறும் கூடு. உள்ளே பிஸ்டனும் இல்லை, கிராங்கும் இல்லை. உயிருள்ள இன்ஜினைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினால் ஏதாவது ஒன்று அடிபடும் என்பதால், அளவு பார்ப்பதற்கென்றே உடைந்த பிளாக் ஒன்றை வைத்திருக்கிறார். அதன் பின்னால் கியர்பாக்ஸைப் பூட்டி, சேஸிஸின் நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பட்டறைப் பையன் சங்கிலியை இழுக்க, இவர் கையால் தடவியே "ஒரு நூல் இறக்கு" என்றார். பட்டறையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பையன் இறக்கினான். "அரை நூல் ஏத்து." இப்படியே ஒன்றரை மணி நேரம். எனக்குக் கொட்டாவி வந்தது. அவருக்கு வரவில்லை. கடைசியில் மவுண்டிங் வரவேண்டிய இடத்தைச் சேஸிஸில் சாக்பீஸால் குறித்தார். அட்டையை வெட்டி அச்சு எடுத்தார். அந்த அச்சோடு பையன் லேத்துப் பட்டறைக்கு ஓடினான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சிஜே-3பியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலம்தான். தாரின் கியர்பாக்ஸ் நீளம். பின்னால் போகிற ஷாஃப்ட்டுக்கு மிஞ்சிய இடம் ஒரு முழம்கூட இல்லை. பழைய ஜீப்பின் பின்னால் குனிந்து பார்த்தால் பின் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். புது கியர்பாக்ஸின் முனையோ நடுவாக வருகிறது. குட்டை ஷாஃப்ட், அதுவும் கோணலாக ஓடினால் கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரமே கொட்டிவிடும். ஆகவே பின் ஹவுசிங்கையே மாற்ற வேண்டியதாயிற்று. முன் ஆக்சிலில் நடந்த கூத்தை எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் தடவை போனபோது இன்ஜினைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பிரேக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் டிரம், பூஸ்டர் கிடையாது. முழுக்கக் கால் பலம்தான். அதைக் கழித்துவிட்டு முன்னால் டிஸ்க், மேலே பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் மூச்சு இழுக்கும்போதே பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் கிடைத்துவிடும். டீசலுக்கு அது கிடையாது, தனி வேக்கம் பம்ப் வேண்டும். "மேல போறதுக்குத்தான் எல்லாரும் பவர் கேக்குறாங்க. இறங்கும்போது கேக்குறதில்ல" என்றபடி பிரேக் பைப்பை வளைத்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

வயரிங் அவர் கை வைக்காத இடம். ஐடிஐ முடித்த பையன் ஒருவன் லேப்டாப்போடு வருகிறான். பழைய ஜீப்பில் ஆக்சிலரேட்டர் என்பது ஒரு கம்பி. இதிலோ பெடலிலிருந்து வயர்தான் கிளம்புகிறது, ஈசியூ என்கிற கணினி சொன்னால்தான் டீசல் போகும். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. "காட்டுக்குள்ள நின்னா கம்பியை நான் கட்டிடுவேன். இதை யாரு கட்டுவா?" நானும் அவர் கட்சிதான். ஆனால் பையன் ஒவ்வொரு கனெக்டரையும் தண்ணீர் படாத உயரத்தில் வைத்து, பெயர் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகு கொஞ்சம் தயங்கினேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி வடிவமைத்த வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மேஸ்திரி இதைச் சொல்லாமல் யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை. பேரனிடமும் சொல்லியிருக்கிறார். தோட்டத்துக்குள் இருக்கிற சொந்தப் பாதைக்கு மட்டும் என்பது பேரனின் பதில். வண்டி இங்கிருந்து லாரியில்தான் மலையேறும்.

மூன்றாம் தடவை வண்டி தயார். பட்டறைக் காம்பவுண்டுக்குள் லோ கியரில் ஒரு சுற்று. கிளட்ச்சை விட்டதும் குட்டி வண்டி முன்னால் பாய்ந்த பாய்ச்சலில் என் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. பேரனுக்கு வாயெல்லாம் பல். மேஸ்திரி மட்டும் வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்ட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பெட்ரோல் இன்ஜின் பட்டறை மூலையில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. பிளக் ஓட்டைகளில் எண்ணெய்த் துணி அடைத்து, அதன் போல்ட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் மேஸ்திரி. எடைக்குப் போட்டுவிடலாம் என்றாராம் பேரன். இவர் தரவில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் அந்த இன்ஜினில்தான் இருக்கிறது.