சீவாளி

ஆடு மேய்க்கையில் மூங்கில் குழல் பழகியவன் நான். பறையோடு சேர்ந்தால் குழல் எடுபடாது. நாலு அடி விழுந்தால் அமுங்கிப் போகும். ‘நாயனம் பழகுடா, அதான் பறைக்கு ஈடு’ என்றார் மாமா.

ஊர்த்தெருவில் ஒரு நாயனக்காரரிடம் போய்க் கேட்டேன். திண்ணைக்குக் கீழே நிற்கவைத்தே சொன்னார்: ‘சீவாளி வாய்க்குள்ள போற சாமான்டா. ஒங்க எச்சி படலாமா?’

மாமா எங்கிருந்தோ பழைய நாயனம் ஒன்று வாங்கி வந்தார். ஆச்சா மரம், நரசிங்கம்பேட்டை வேலை. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வந்தது. மரத்துக்கு மரியாதை வந்தாச்சு. ஊதுகிற வாயைத்தான் இன்னும் சாதி பார்க்கிறார்கள்.

வாயில் வைத்தேன். குழலுக்கு விடுகிற காத்து இதுக்குப் பத்தவில்லை. வெறும் புஸ். அழுத்தினால் பன்னி கத்துகிற சத்தம். விரல் அடைக்கிற துளை ஏழு, அது பழகிவிடும். உதடுதான் சிக்கல். குழலில் உதடு வெளியே நிற்கும். இதில் சீவாளியைக் கவ்வ வேண்டும். கொஞ்சம் இறுக்கினாலே சுரம் ஏறிவிடுகிறது.

மாமா சிரித்தார். ‘காஞ்ச சீவாளி பேசாதுடா. எச்சில்ல ஊற வை. சின்னதுல பூவரச இலையச் சுருட்டி பீப்பீ ஊதுனியே, அதேதான்.’

ஊறவைத்து ஊதினேன். பேசியது.

அப்போதுதான் உறைத்தது. எச்சில் படாமல் நாணல் தட்டை பேசாது. சாமிக்கு முன்னால் கேட்கிற நாதமும் எச்சிலில் ஊறியதுதான். அவரவர் வாய்க்கு அவரவர் சீவாளி, யாரும் மாத்திக்கொள்வதில்லை. அப்புறம் என் எச்சில் யாரைத் தீண்டும்?

போன மாசியில் எங்கள் தெருத் திருவிழாவில் பறைக்கு நடுவில் நின்று ஊதினேன். அமுங்கவில்லை. ஊர்த்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.