அறுபட்ட குழாய்

காரின் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருடுகிறவர்கள் புதுக் கார்களை அதிகம் தொடுவதில்லை. புது மாடல்கள் பலவற்றில் அது எஞ்சினை ஒட்டி உள்ளே உட்கார்ந்திருக்கும், கை போகாது. 2000-களில் வந்த ஹோண்டா சிஆர்-வி, எலிமெண்ட், இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்ற வண்டிகளில் அது குழாயோடு குழாயாக அடியில் தொங்குகிறது. ஒரு ஜாக்கி, பேட்டரியில் ஓடும் ரம்பம், முன்னே ஒரு வெட்டு, பின்னே ஒரு வெட்டு. இரண்டு நிமிடம் போதும். 2021, 2022 வாக்கில் டொரொண்டோ பத்திரிகைகளில் இந்தச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள நண்பர் ஒருவரின் 2005 சிஆர்-வி வெட்டுப்படும்வரை நான் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நண்பர் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர். விடியற்காலை வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பியதும் எழுந்த சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் இறங்கி ஓடிவந்தாராம். இந்தத் திருட்டு காம்ப்ரிஹென்சிவ் போன்ற கூடுதல் காப்பீட்டில்தான் வரும். வண்டி பழசானதும் மாதச் செலவைக் குறைக்க நண்பர் அதை நிறுத்தியிருந்தார். பழைய கார் வைத்திருக்கும் பலரும் செய்கிற காரியம். நிறுத்தாமல் இருந்திருந்தாலும் பெரிய ஆறுதல் கிடைத்திருக்காது. கார் கம்பெனியின் அசல் கன்வெர்ட்டர், வேலைக் கூலி எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். வண்டியின் மதிப்பே அவ்வளவுதான் என்றால் காப்பீட்டு நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதி ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடும். ஓடுகிற எஞ்சின், நல்ல கியர்பாக்ஸ், கிழியாத இருக்கைகள் எல்லாம் இருந்தும் ஒரு முழம் குழாய் இல்லாததால் கார் செத்துப்போகும்.

"எங்கட அண்ணை ஒராள் இருக்கிறார். அவர் சொன்னாச் சரி, வாங்கோ" என்று நண்பர் கூட்டிப்போனார்.

தொழிற்பேட்டைத் தெரு ஒன்றில் இரண்டு ஹாயிஸ்ட் மட்டும் உள்ள கராச் அது. அண்ணைக்கு வயது எழுபதை நெருங்கும். வண்டி மேலே ஏறியதும் அவர் முதலில் பார்த்தது வெட்டு வாயைத்தான். வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஸ்கார்பரோ சாலைகளின் உப்பு தின்ற செம்பழுப்புத் துரு. அறுத்த இரண்டு வாய்கள் மட்டும் புதுக் காசு போல மின்னின. விரலால் தடவினார்.

"பழகின கை. பாருங்கோ, நேர வெட்டியிருக்கிறான். போன கிழமை வந்த வண்டியில பெற்றோல் லைனையும் சேத்து வெட்டிப்போட்டாங்கள். இவன் பரவாயில்லை. ஆனா சென்சர் வயரைப் பிடிச்சு அறுத்திருக்கிறான். வடிவாக் கழட்டி வைச்சிருந்தா உமக்கு ஒரு நூறு டொலர் மிச்சம் தம்பி" என்றார். நண்பர் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூலையிலிருந்து ஆயுள் முடிந்த ஒன்றை எடுத்து வெட்டுப்பக்கத்தைக் காட்டினார். எஃகுக் கூட்டுக்குள் சாம்பல் நிறப் பீங்கான் கட்டை. அதில் நெடுக நுண்ணிய துளைகள்; ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளை வரும். துளைச் சுவர்களில் பூசிய மெல்லிய படலத்தில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் இருக்கின்றன. எல்லாம் சேர்த்துச் சில கிராம். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருள் ஆவியையும் முதல் இரண்டும் எரித்து முடிக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைப்பது ரோடியத்தின் வேலை. பெட்டி சுமார் 300 டிகிரி சூடேறிய பிறகே இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து கன்வெர்ட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சை விஷம்போலக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே பெட்ரோல் நிலையங்களுக்கு வந்தது. நம் மூச்சிலிருந்து ஈயம் வெளியேறியதில் இந்தப் பெட்டிக்கும் பங்குண்டு.

ரோடியத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்படுகிறது. 2021 தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ், அதாவது 31 கிராம், ரோடியத்தின் விலை 29,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. தங்கத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். மறு ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்யா பெருமளவில் தரும் பல்லேடியம் 3,000 டாலரைத் தாண்டியது. பிறகு இரண்டும் சரிந்துவிட்டன. ஸ்கார்பரோவில் ரம்பச் சத்தம் கூடியதும் குறைந்ததும் பெரும்பாலும் இந்த விலைக் கோட்டைத் தொடர்ந்துதான்.

வேலை தொடங்கியது. கேஸ்கெட் வகைகள், ஸ்பிரிங் போல்ட், மூடிய கண்ணி திறந்த கண்ணி என்று அண்ணை விளக்கிய பலவற்றை நான் கேட்டதோடு சரி. என்னை அங்கேயே நிற்கவைத்தது அவருடைய காஸ் டார்ச். கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போனாலும் முன்குழாயின் ஃபிளான்ஜில் அதன் ஒரு துண்டு மிச்சமிருக்கும். அதைக் கழற்றினால்தான் புதியதைப் பூட்ட முடியும். பதினெட்டு பனிக்காலம் உப்பில் ஊறிய நட்டுகள் அவை. ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும். பலம் கொடுத்தால் போல்ட் முறிந்து எஞ்சின் பக்கமே நின்றுவிடும். அப்புறம் துளைத்து எடுக்க வேண்டும், செலவு இரட்டிப்பு.

அண்ணை ஆக்சிஜன், அசிட்டிலின் குழாய்களைத் திறந்து தீயைக் கூராக்கினார். நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினார்; பக்கத்தில் ரப்பர் தாங்கி, அதற்கு மேலே பிரேக் குழாய். நட்டு சிவந்தது. தீயை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். சிவப்பு தணிந்த கணத்தில் பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து மரையில் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இறங்கிக் காணாமல் போனது. ஸ்பேனரை முன்னே கால் திருப்பு, பின்னே கால் திருப்பு என்று ஆட்டினார். கிறீச்சென்ற சத்தத்தோடு நட்டு வந்தது. கடைகளில் இதற்கென்றே விற்கும் ஸ்பிரே டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. "உதுகள் நல்லதுதான். மெழுகு இன்னும் நல்லது" என்றார்.

அந்தக் கையை எங்கே பழக்கினீர்கள் என்று கேட்டதில்தான் யாழ்ப்பாணம் வந்தது. பதினாலு வயதில் அங்கே காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் ஒரு கராச்சில் சேர்ந்திருக்கிறார். ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஒக்ஸ்போர்ட், ஆஸ்டின் ஏ40 கார்கள். 1990-இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோல் வருவது ஏறக்குறைய நின்றது. அந்தக் கிழட்டுக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள்.

"பெற்றோல் எண்டாத் தங்கம். சின்னப் போத்தில்ல வைச்சிருப்பம். கார்புரேற்றருக்குள்ள ரண்டு மூண்டு சொட்டு. எஞ்சின் பிடிச்சுச் சூடேறின உடன மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. சொட்டு விட சேலைன் குழாய் நல்லாயிருக்கும், அளவாக் குடுக்கலாம். வழியில நிண்டா எஞ்சின் ஆறமுதல் திருப்பி ஸ்ராட் பண்ண வேணும். புகையெண்டாப் புகை. றோட்டில பின்னால சைக்கிளில வாறவன் கண்ணைத் துடைச்சுத் துடைச்சு வருவான்."

1995 அக்டோபர் இறுதியில், போரில், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது கராச்சைப் பூட்டாமலே வந்தாராம். பூட்டினால் உடைப்பார்கள், திறந்திருந்தால் சும்மா எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது அவர் கணக்கு. ஸ்பேனர் பெட்டியை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு. பிறகு வன்னி, கொழும்பு, கனடா. ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் கார் மெக்கானிக்காக வேலை செய்ய முடியாது. 310எஸ் என்ற அந்தச் சான்றிதழுக்காக, சொந்தமாகக் கார்புரேட்டர் செய்யத் தெரிந்தவர் பல ஆண்டு வேறொருவரின் கடையில் டயர் மாற்றியிருக்கிறார். சான்றிதழ் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது, கரிப் படலத்தோடு.

"அந்தப் புகைக்குள்ள வளந்தனான். இப்ப புகையைக் கழுவுற சாமானைப் பூட்டுறன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நட்டுக்குப் போனார்.

கன்வெர்ட்டரே இல்லாமல் வெறும் குழாயை வைத்து ஒட்டிவிடச் சொல்லி ஆட்கள் வருவதில்லையா? வருகிறார்கள். தனியார் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனையை ஒன்ராறியோ 2019 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. கன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றமாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இப்போது ஆளில்லை. "செய்து குடுக்கிற இடங்கள் இருக்கு. நான் செய்யிறேல்லை" என்று சுவரைக் காட்டினார். கேட்டு வருகிறவர்களை அவர் திட்டவுமில்லை. வாடகை தேதி நெருங்கும்போது திருட்டுக் கொடுத்தவனுக்கு எது மலிவாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நடுவழியாகச் சந்தையில் கிடைப்பது வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்றுக் கன்வெர்ட்டர். அசலின் விலையில் ஒரு பங்குதான். உள்ளே உலோகமும் அதற்கேற்பக் குறைவு. சில வண்டிகளில் ஓரிரு ஆண்டிலேயே எஞ்சின் விளக்கு எரிந்து பி0420 என்ற குறியீட்டைக் காட்டும்: கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எந்த வண்டிக்கு எந்தத் தரம் போதும், இன்னும் எத்தனை குளிர்காலம் அதன் தரைத்தகடு தாங்கும் என்று வண்டியின் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் அசல் திறமை என்று எனக்குப் பட்டது. அண்ணை சுத்தியலால் சிஆர்-வியின் பின்பக்கச் சட்டத்தைத் தட்டினார். "ரண்டு விண்டர். மூண்டாவது சொல்லேலாது. நடுத்தரமானது போடுவம்."

இனி பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பழைய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்தால் பல கடைகளில் புதியதன் விலையில் ஒரு தொகை கழியும். திருட்டுக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அந்தக் கழிவும் போயிற்று. ராத்திரியில் பனியில் முதுகைத் தேய்த்து வெட்டுகிறவன் கையில் கிடைப்பதும் அதன் உலோக மதிப்பில் ஒரு சிறு துண்டுதான். அவனிடம் வாங்குகிற அடுத்த ஆள்தான் முக்கியமானவர். பெரும்பாலான கன்வெர்ட்டர்களின் கூட்டில் ஓர் எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணுக்கு இன்றைய விலை என்ன என்று கைபேசிச் செயலியே சொல்லிவிடும். அதாவது வாங்குகிறவருக்கு அது எந்த வகை வண்டியுடையது என்று தெரியும். ஒரே ஆள் ஒரே வாரத்தில் ரம்ப வெட்டோடு முப்பது கன்வெர்ட்டர் கொண்டுவந்தால் அவனுக்கு முப்பது கார் சொந்தமில்லை என்பதும் தெரியும். தெரிந்தே தராசில் வைக்கிறார். 2022 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை இப்படியொரு சங்கிலியை வெளியே கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் ஒரு குடும்பம் திருட்டுக் கன்வெர்ட்டர்களை வாங்கி, நியூ ஜெர்சி நிறுவனம் ஒன்றுக்கு 38 மில்லியன் டாலருக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த நிறுவனம் இப்படிப் பல இடங்களிலிருந்தும் வாங்கியவற்றின் கூட்டை உடைத்துப் பொடியைச் சுத்திகரிப்பு ஆலைக்கு விற்றது 545 மில்லியன் டாலருக்கு மேல். உலையில் உருகிய பிறகு நண்பரின் சிஆர்-வியும் இன்னொருவரின் பிரியஸும் ஒரே கட்டி. ரம்பம் பிடித்தவனைப் பிடித்துப் படம் போடும் பத்திரிகைகள், தராசு பிடித்தவரின் கடைப் பலகையை ஒருநாளாவது படம் பிடித்துப் போடட்டும். அல்பெர்ட்டா மாகாணம் 2020 இறுதியிலிருந்து பழைய உலோகக் கடைகள் விற்பவரின் அடையாளத்தைப் பதிந்து போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பூட்டை வாங்கு, கேமரா வை, வெளிச்சத்தில் நிறுத்து என்று ஏழைக் கார்க்காரருக்கே புத்தி சொல்வதைவிட இது உருப்படியான வழி.

"நீங்களும் பழையதை விற்கிறீர்கள்தானே அண்ணை?" என்றேன்.

"ஓம். றிசீற் தாறவனுக்குத்தான்." சற்றுப் பொறுத்து, "அவன் மற்ற ஆக்களிட்ட றிசீற் கேக்கிறானோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். அந்த மூலையில் ஐந்தாறு பழைய பெட்டிகள் கிடந்தன. நானும் மேலே கேட்கவில்லை.

புதியதைப் பூட்டி, சென்சார் வயரை ஒட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து கசிவு பார்த்தார். நண்பர் அலுமினியத் தகட்டுக் கவசம் போடலாமா என்று விசாரித்தார். அதன் விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது. அண்ணைக்கும் அதில் பெரிய நம்பிக்கையில்லை. இந்த உப்பில் கவசத்தின் போல்ட்டும் துருப்பிடிக்கும், அடுத்த ரிப்பேருக்கு அதையும் தீ வைத்துத்தான் கழற்ற வேண்டும். அதற்குப் பதிலாக வண்டி எண்ணைக் கூட்டின் மேல் மின்னெழுத்தாணியால் கீறி, சூடு தாங்கும் ஆரஞ்சு வர்ணத்தை அடித்தார். அதற்குக் காசு கேட்கவில்லை.

"இது மலிவுச் சாமான்தானே அண்ணை? உள்ளுக்கு ஒண்டுமில்லை. இனிக் கள்ளன் வரமாட்டான், என்ன?"

"கள்ளனுக்கு இருட்டில அது விளங்குமே தம்பி? வெட்டிக்கொண்டு போய்க் கடையில குடுத்தாப் பிறகுதான் விளங்கும்" என்றபடி அண்ணை பில் புத்தகத்தைத் தேடினார்.